பார்சலோனாவில் எந்த ஏரியாவில் வீடு பார்ப்பது? பினாங்கிலிருந்து குடும்பத்தோடு போகிறோம்

கயல்_புக்கிட்ஜம்புல்

வணக்கம் அண்ணன்மார், அக்காமார்.

வீட்டுக்காரருக்கு பார்சலோனாவில் வேலை உறுதியாகிவிட்டது. ஜனவரி கடைசியில் கிளம்பணும். இப்போது இருப்பது புக்கிட் ஜம்புல் கொண்டோவில். அவர் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்குப் பத்து நிமிஷத்தில் போய்விடுவார். நான் மகளைத் தமிழ்ப்பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே மார்க்கெட்டுக்குப் போவேன். எல்லாம் காடியிலேயே, அதாவது காரில். அங்கே காடி வேண்டாம் என்று இவர் முடிவே பண்ணிவிட்டார்.

ஆபீஸ் 22@ என்று சொல்கிற பகுதியில், குளோரியஸ் மெட்ரோ பக்கம். கம்பெனி முதல் மாதத்துக்கு மட்டும் தங்க இடம் தருகிறது. அதற்குள் நாங்களே வீடு பார்த்துக்கொள்ளணும். வாடகைக்கு 1,700 யூரோ வரை ஒதுக்கியிருக்கிறோம். எட்டாயிரம் மலேசிய வெள்ளி! எழுதும்போதே கை நடுங்குகிறது. இரண்டு ரூம் போதும், ஆனால் லிஃப்ட் கண்டிப்பாக வேண்டும். மாமியார் வந்து தங்குவார்கள், அவர்களுக்கு மூட்டு வலி. மகளுக்கு ஒன்பது வயது, மூன்றாம் ஆண்டு முடிக்கிறாள்.

நெட்டில் படித்துப் படித்துத் தலை சுற்றுகிறது. ஒருவர் கிராசியா என்கிறார், இன்னொருவர் எஷாம்ப்ளா என்கிறார். நம்ம சாமான் வாங்க ராவல்தான் என்கிறார்கள், அடுத்த வரியிலேயே ராவல் பக்கம் போகாதே என்கிறார்கள். இவர் தஞ்சோங் தோக்கோங்கில் வளர்ந்தவர், கடல் பக்கம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். நம்ம ஆளுங்க எங்கே இருக்கிறார்கள், எது பாதுகாப்பு, பள்ளிக்கு எது நல்லது, யாராவது சொல்லுங்களேன்.

இன்னொன்று. ஒருத்தர் வாட்ஸாப்பில் வீட்டுப் படம் அனுப்பியிருக்கிறார். எஷாம்ப்ளாவில் மூன்று ரூம், பால்கனி, 1,100 யூரோதான். இரண்டு மாத டெபாசிட் அனுப்பினால் சாவியை கூரியரில் அனுப்புகிறாராம். அவர் இப்போது வேறு நாட்டில் இருக்கிறாராம். அனுப்பலாமா?

---

பங்சார்_மச்சான்

கங்கிராட்ஸ் சிஸ்! நாங்க கூட்டாளிங்க நாலு பேர் போனோம். கோத்திக் குவார்ட்டர்ல ரூம் எடுத்தோம், லா ராம்ப்லா பக்கத்துலயே. எல்லாமே நடக்குற தூரம், ராத்திரி ரெண்டு மணிக்கும் கடை திறந்திருக்கு, செம்ம. நான் சொல்வேன் ராவல்ல எடுங்க. அந்தப் பக்கம் முழுக்க பாகிஸ்தான், பங்களாதேஷ் கடைங்க. கறிவேப்பிலை, வெண்டைக்காய், ஆட்டா எல்லாம் கிடைக்குது. நம்ம கேஎல் பிரிக்ஃபீல்ட்ஸ் மாதிரியேதான். பயப்பட ஒன்னும் இல்ல.

---

ஆயர்ஈத்தாம்_அக்கா

கயல், முதல்ல அந்த வாட்ஸாப் ஆளுக்கு ஒரு காசு அனுப்பாதம்மா. "நான் வெளிநாட்டுல இருக்கேன், சாவி கூரியர்ல வரும்"னு சொன்னா அது வீடே இல்ல. அந்த ஊர்ல அது பழைய கதை. எஷாம்ப்ளாவுல மூணு ரூம் பால்கனியோட 1,100க்கு இருந்தா, அது நெட்டுல ஏறுறதுக்கு முன்னாடியே உள்ளூர்க்காரன் தன் தம்பிக்கு எடுத்துக் கொடுத்திருப்பான். இங்கேருந்து எந்த வீட்டையும் முடிவு பண்ணாதீங்க. கண்ணால பார்க்காம கையெழுத்து கிடையாது.

நாங்க அங்க சில வருஷம் இருந்தோம், இப்ப செந்தூல்ல இருக்கோம். என் வீட்டுக்காரருக்கும் ஆபீஸ் அந்த 22@ பக்கம்தான். அதனால உங்க கணக்கு எனக்கு நல்லாப் புரியுது.

மச்சான் சொன்னது ஹாலிடேக்குச் சரி. ராத்திரி ரெண்டு மணிக்குக் கடை திறந்திருக்குன்னா, அதே ரெண்டு மணிக்கு உன் ஜன்னலுக்குக் கீழ இருபது பேர் பாடிக்கிட்டிருப்பாங்கன்னு அர்த்தம் தம்பி. மறுநாள் ஏழரைக்குப் பிள்ளையை எழுப்பணும்ல.

ஏரியா ஏரியான்னு கேக்குறீங்க. பினாங்குல நாம ஏரியாவைக் காடி நிமிஷத்துல அளக்குறோம். புக்கிட் ஜம்புல்ல இருந்தா குவீன்ஸ்பே மால் இத்தனை நிமிஷம், டவுன் இத்தனை நிமிஷம். அங்க காடி இல்லைன்னு ஆயிட்டா, உங்க ஏரியாங்கிறது வாசல்ல இருந்து பத்து நிமிஷம் நடக்குற வட்டம் மட்டும்தான். அந்த வட்டத்துக்குள்ள பள்ளி, மார்க்கெட், கிளினிக், மெட்ரோ நாலும் விழணும். விழுந்தா அது பேர் தெரியாத ஏரியாவா இருந்தாலும் நல்ல ஏரியா. விழலைன்னா கிராசியாவா இருந்தாலும் அலைச்சல்தான்.

அந்த ஊர்ல இது கஷ்டமும் இல்ல. இப்ப கிராசியா, சான்ட்ஸ், சான்ட் அந்த்ரேவு, சான்ட் மார்த்தின்னு சொல்ற இடமெல்லாம் 1897 வரைக்கும் தனித்தனி ஊரு. அப்புறம்தான் பார்சலோனாவோட சேர்த்தாங்க. அதனாலதான் இன்னைக்கும் ஒவ்வொன்னுக்கும் தனியா ஒரு பெரிய வீதி, ஒரு மார்க்கெட், ஒரு சர்ச் சதுக்கம், ஒரு திருவிழா. டவுனுக்குப் போகாமலே மாசக்கணக்குல இருக்கலாம். மொத்தம் 73 ஏரியா கணக்கு வெச்சிருக்காங்க. டூரிஸ்டு பேசுறது அதுல ஒரு ஆறேழுதான்.

ராவலைப் பத்திச் சொல்றேன். எனக்கு ராவல் பிடிக்கும். வாராவாரம் போவேன். கறிவேப்பிலை, பச்சை மிளகாய், உறைய வெச்ச பங்களாதேஷ் மீன், துவரம்பருப்பு எல்லாம் வாங்கிட்டு, பையைத் தூக்கிக்கிட்டு மெட்ரோவுல ஏறுவேன். குருத்வாராகூட அங்க இருக்கு. ஆனா குடியிருக்கணுமா? வீடுங்க ரொம்பப் பழசு, சந்து குறுகல், லிஃப்ட் இருக்குறது அதிர்ஷ்டம். நிறைய வீட்டுல பைப் கேஸ் கிடையாது, ஆரஞ்சு கலர் தோங்குதான், கேஸ் சிலிண்டர். 12.5 கிலோ கேஸு, தோங்கோட எடை தனி. கேஸ்காரர் வீதியில இரும்பால தோங்கைத் தட்டிக்கிட்டே வருவாரு, அந்தச் சத்தம் கேட்டதும் பால்கனியில இருந்து கூப்பிடணும். பாதி நேரம் அவர் பஞ்சாபியாவோ பாகிஸ்தானியாவோ இருப்பாரு, நாலு மாடி ஏத்திக் கொடுப்பாரு. உங்க மாமியார் யாரு தோள்ல ஏறி வருவாங்க? கடைக்குப் போறதுக்கு ராவல் போதும்.

"பாதுகாப்பு"ன்னு எல்லாரும் கேப்பாங்க. அங்க பயம் பெரும்பாலும் பிக்பாக்கெட்தான். அது ஏரியாவைப் பார்த்து வராது, டூரிஸ்டு கூட்டத்தைப் பார்த்து வரும். ராம்ப்லா, சக்ராதா ஃபாமிலியா வாசல், பச்சை மெட்ரோ லைன். போனைக் கோப்பிக்கடை மேசை மேல வெச்சீங்கன்னா அது உங்களுது இல்லன்னு நெனச்சுக்கோங்க.

கிராசியா அழகுதான். ஆனா சதுக்கத்தைப் பார்த்த வீடு எடுக்காதீங்க. பிளாசா தெல் சோல்ல ராத்திரி சத்தம் பத்தி அக்கம்பக்கத்துல வருஷக்கணக்கா சண்டை. ஆகஸ்ட் 15லேருந்து ஒரு வாரம் வீதி வீதியா ஜோடிச்சுத் திருவிழா, தூக்கமே கிடையாது. மாடிக்குப் படியேறியும் போகணும், நிறைய வீட்டுல லிஃப்ட் இல்ல.

எஷாம்ப்ளா வேற கதை. சேர்தாங்கிற இன்ஜினியர் 1859ல வரைஞ்ச கட்டம்தான் அது. ஒவ்வொரு பிளாக்கும் 113 மீட்டர் சதுரம், மூலையை வெட்டி விட்டிருப்பாங்க. வீதியைப் பார்த்த ரூம்ல காடிச் சத்தம். பின்பக்கம், பிளாக்கோட நடுவைப் பார்த்த ரூம்ல பறவைச் சத்தம். ஒரே வீட்டுலயே ரெண்டும் இருக்கும். அதனால வீடு பார்க்கப் போனா ஹாலைப் பார்த்து மயங்காதீங்க, படுக்கை ரூம் எந்தப் பக்கம்னு கேளுங்க.

மாடி நம்பரையும் நம்பாதீங்க. பழைய கட்டடத்துல தரைக்கு மேல எந்த்ரெசோல், அதுக்கு மேல பிரின்சிபால், அதுக்கு மேலதான் ஒன்னாம் மாடி. "ரெண்டாம் மாடி, லிஃப்ட் இல்ல, பரவாயில்லை"ன்னு போனீங்கன்னா நாலு மாடி ஏறிக்கிட்டிருப்பீங்க.

இப்ப வெயிலு. பினாங்குல நாம மேற்கு வெயிலைக் கண்டா ஓடுவோம், வெயில் படாத வீடா பார்த்து எடுப்போம். அங்க அந்த புத்தியை ஏர்போர்ட்லயே விட்டுட்டுப் போங்க. ஜனவரியில ஆறு மணிக்கெல்லாம் இருட்டிடும். வெளிய பத்து டிகிரி இருக்கும், ஹீட்டர் இல்லாத வீட்டுக்குள்ள அதைவிடக் குளிரா இருக்குற மாதிரி தோணும். தரை முழுக்க ஓடு. வெயிலே படாத "இன்டீரியர்" வீட்டுல துணி மூணு நாளானாலும் காயாது, அலமாரிக்குப் பின்னாடி சுவர்ல கறுப்பா பூஞ்சை. அலமாரியை நகர்த்திப் பார்க்கக் கூச்சப்படாதீங்க. நான் ஏஜென்ட் முன்னாடியே நகர்த்துவேன், அவர் மூஞ்சி போற போக்கைப் பார்க்கணும்.

அதே நேரம் அங்க ஆத்திக்னு சொல்ற மொட்டை மாடி வீட்டுப் படத்தைப் பார்த்துட்டு உருகாதீங்க. ஜூலை, ஆகஸ்ட்ல கூரை சூடு உள்ள இறங்கும், ராத்திரியிலும் குறையாது. ஏர்கோன் இல்லாத வீடுங்கதான் நிறைய.

அடுப்படி ஜன்னல் எங்க திறக்குதுன்னு பாருங்க. பழைய கட்டடங்கள்ல நடுவுல கிணறு மாதிரி ஒரு காத்துக்குழாய் இருக்கும், எல்லா மாடி அடுப்படியும் அதுக்குள்ளதான் திறக்கும். துணிக் கொடியும் அதுலயேதான். நான் முதல் தடவை இறால் வாசம் தூக்குற சம்பால் பெலாச்சான் வதக்கினப்ப மேல் மாடிப் பாட்டி ஜன்னலைப் படார்னு சாத்துன சத்தம் கேட்டுச்சு. அப்புறம் கீழ் மாடி. அப்புறம் எதிர்ல. அவங்க வெள்ளைத் துணியெல்லாம் கொடியில காயுது. அதுக்கப்புறம் நான் பெலாச்சானை ஞாயித்துக்கிழமை காலையில, யார் கொடியிலும் துணி இல்லாத நேரமா பார்த்து வதக்குவேன். அடுப்படியில பால்கனி இருந்தா இந்தத் தொல்லையே இல்ல.

நான் எங்க பார்ப்பேன்னு கேட்டா, எல் க்ளோட். டூரிஸ்டு புத்தகத்துல பேர் இருக்காது. குளோரியஸுக்கு உங்க வீட்டுக்காரர் நடந்தே போயிடலாம். சிவப்பு லைன், ஊதா லைன் ரெண்டு மெட்ரோவும் இருக்கு, ரயிலும் இருக்கு. நடுவுல பழைய மார்க்கெட், பழைய ரயில்வே பட்டறை இருந்த இடத்துல பெரிய பார்க். சாயங்காலம் பள்ளி விட்டதும் பிள்ளைங்க எல்லாம் அந்த பார்க்குலதான், கையில ரொட்டியும் சாக்லேட்டும். பக்கத்துல காம்ப் தெ லார்ப்பா, அதுவும் இதே ரகம். சிவப்பு லைன்ல ஏறினா ராவல் கடைக்கு மாறாமலே போய் வந்துடலாம், காத்தலுன்யாவுல இறங்கி நடந்தா போதும். சீனன் கடை வேணும்னா அதே லைன்ல ஆர்க் தெ திரியோம்ஃப் பக்கம். பெலாச்சான் தீர்ந்தா அங்கதான் தேடுவேன்.

"நம்ம ஆளுங்க" எங்கேன்னு கேட்டீங்க. மலேசியத் தமிழர்னு ஒரு வீதியெல்லாம் கிடையாதும்மா. தீபாவளிக்கு யார் வீட்டுலயாவது கூடுவோம். அதுக்கு மெட்ரோ பக்கத்துல இருக்குற வீடு போதும்.

---

சுங்கைபட்டாணி_இப்போ_ஸ்பெயின்

அக்கா சொல்றது எல்லாம் சரி, ஆனா புறநகரைப் பத்திப் பேசவே இல்லையே. நான் காஸ்தெல்தெஃபெல்ஸ்ல இருக்கேன். கடற்கரை நீளமா இருக்கு, வீடும் பெரிசு. இங்கிலீஷ் மீடியம் வேணும்னா பிரிட்டிஷ் ஸ்கூல் இங்கயே இருக்கு, ஃபீஸ் கம்பெனி கொடுத்தா மட்டும் அந்தப் பேச்சு. ஆர்2 ரயில் நேரா க்ளோட் வரைக்கும் வரும், மாற வேண்டாம். கயல் வீட்டுக்காரருக்குக் கடல் வேணும்னா இதையும் பார்க்கச் சொல்லுங்க.

ரயில் நேரத்துக்கு வருமான்னு கேக்காதீங்க.

---

ஆயர்ஈத்தாம்_அக்கா

தம்பி, கடைசி வரியில நீங்களே பதில் சொல்லிட்டீங்க. 😄 காடி இருந்தா காஸ்தெல்தெஃபெல்ஸ் நல்ல இடம்தான்.

---

கெப்போங்_ராஜா

அக்கா வீட்டைச் சொல்லிவிட்டார்கள், நான் காகிதத்தைச் சொல்கிறேன். நான் அங்கே மாஸ்டர்ஸ் முடித்து வேலையும் பார்த்தவன். ஏரியாவைவிட ஒப்பந்தம் எந்த வகை என்பதுதான் பிற்பாடு வாழ்க்கையைத் தீர்மானிக்கும்.

இரண்டு வகை உண்டு. ஒன்று நிரந்தரக் குடியிருப்பு ஒப்பந்தம். வீட்டுக்காரர் தனி ஆளாக இருந்தால் ஐந்து வருஷம், கம்பெனியாக இருந்தால் ஏழு வருஷம் வரை நீங்கள் இருக்கலாம், அது சட்டம் தரும் உரிமை. நீங்கள் வெளியேற நினைத்தால் ஆறு மாதம் கழித்து, 30 நாள் முன்னதாகச் சொல்லிவிட்டுப் போகலாம். இன்னொன்று "தெம்போராதா", தற்காலிக ஒப்பந்தம், பெரும்பாலும் 11 மாதம். புதிதாக வரும் வெளிநாட்டுக்காரர்களிடம் இதைத்தான் நீட்டுவார்கள், ஏனென்றால் நமக்கு வித்தியாசம் தெரியாது. 11 மாதம் முடிந்தால் பெட்டியைக் கட்டு என்று சொல்லலாம். பிள்ளை பள்ளியில் இருக்கும்போது அது தேவையில்லாத தலைவலி.

டெபாசிட் சட்டப்படி ஒரு மாதம். அதற்கு மேல் கூடுதல் உத்தரவாதமாக இரண்டு மாதம் வரை கேட்கலாம். அந்த ஒரு மாதப் பணத்தை வீட்டுக்காரர் கையில் வைத்துக்கொள்ளக்கூடாது, பார்சலோனா இருக்கும் கத்தலோனியா மாநில அரசின் இன்காசோல் என்கிற அமைப்பில் கட்டணும். கட்டிய ரசீதைக் கேளுங்கள். 2023 மே மாதத்தில் வந்த வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பிறகு நிரந்தர ஒப்பந்தத்தில் ஏஜென்ட் ஃபீஸ் வீட்டுக்காரர் தலையில்தான். உங்களிடம் ஒரு மாத வாடகையை "சேவைக் கட்டணம்" என்று வேறு பெயரில் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். 2024 மார்ச்சிலிருந்து பார்சலோனாவில் வாடகைக்கு உச்சவரம்பும் உண்டு. அந்த வீட்டுக்கு என்ன கணக்கு என்பது ஒப்பந்தத்தில் இருக்கணும்.

அடுத்தது பாத்ரோன். நீங்கள் இந்த முகவரியில் குடியிருக்கிறீர்கள் என்று நகராட்சியில் பதிவது. இது இல்லாமல் அங்கே ஒரு வேலையும் ஆகாது. வதிவிட அட்டை, ஆஸ்பித்திரி அட்டை, பள்ளி எல்லாம் இதைத் தொட்டுத்தான். தற்காலிக வீடு கொடுக்கும் சிலர் "இந்த முகவரியில் பாத்ரோன் போடாதே" என்று சொல்வார்கள். அப்படிச் சொன்னால் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். கம்பெனி கொடுக்கும் முதல் மாத இடத்தில் போட முடியுமா என்று இப்போதே எச்ஆரிடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள். நகராட்சியில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே நாளாகும்.

ஒரு விஷயம் கூடுதலாக: டூரிஸ்ட் அபார்ட்மெண்ட் லைசென்ஸ் எல்லாவற்றையும் 2028 நவம்பருக்குள் நிறுத்தப் போவதாக நகராட்சி 2024ல் அறிவித்தது, பத்தாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அதுவரை உங்கள் மேல் மாடியில் வாராவாரம் புது ஆள் பெட்டியை இழுத்துக்கொண்டு வரலாம். வீடு பார்க்கும்போது கீழே இன்டர்காம் பக்கத்தில் சின்னச் சின்ன சாவிப் பெட்டிகள் தொங்குகின்றனவா என்று பாருங்கள்.

---

கயல்_புக்கிட்ஜம்புல்

அக்கா, அண்ணே, சார்… எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. அந்த வாட்ஸாப் ஆளை பிளாக் பண்ணிவிட்டேன். இவர் பக்கத்திலிருந்து படித்துவிட்டு "க்ளோட்டில் கடல் இல்லையே" என்கிறார்.

இன்னும் மூன்று கேள்வி. பிப்ரவரியில் போய் இறங்கினால் பள்ளியில் சேர்ப்பார்களா, அல்லது செப்டம்பர் வரை வீட்டில் உட்காரணுமா? எல்லாம் கத்தலான் மொழியாமே, பிள்ளை தாங்குவாளா? அப்புறம், வெட் கிரைண்டர் எடுத்துப் போகலாமா? சிரிக்காதீங்க. தோசை மாவு இல்லாமல் மாமியார் இருக்க மாட்டார்கள்.

---

ஆயர்ஈத்தாம்_அக்கா

இதுல சிரிக்க என்ன இருக்கு, நானும் எடுத்துட்டுத்தான் போனேன்.

கடலுக்கு முதல்ல பதில். அவரைப் போப்ளெநோவைப் பார்க்கச் சொல்லுங்க. க்ளோட்டுக்குக் கீழ, கடல் பக்கம். ஒரு காலத்துல முழுக்க ஃபேக்டரி, 2000த்துக்கு அப்புறம்தான் 22@னு மாத்தினாங்க. ராம்ப்லா தெல் போப்ளெநோவ்னு ஒரு வீதி நேரா கடலைப் பார்த்து இறங்கும், மரநிழல், நடுவுல நடைபாதை, கிழவங்க பெஞ்சுல உட்கார்ந்து பேசிக்கிட்டிருப்பாங்க. அந்த ராம்ப்லாவைச் சுத்தியுள்ள பழைய தெருக்கள்ல கிடைச்சா எடுங்க. ஆபீஸ் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவுல இருக்குற புது வீடுங்க பார்க்க நல்லா இருக்கும், ஆனா சனி ஞாயிறு ஆனா அந்தத் தெருவே செத்துக் கிடக்கும், ஒரு ரொட்டிக்கடைகூட இருக்காது. 1992 ஒலிம்பிக்ஸுக்குக் கட்டின வீலா ஒலிம்பிக்காவும் பாருங்க. கட்டடம் புதுசுங்கிறதால லிஃப்ட் எல்லாம் ஒழுங்கா இருக்கும், கடல் ரெண்டு நிமிஷம், ஆனா உங்க 1,700க்கு அடங்குமான்னு தெரியல. பார்சலோனேத்தா மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த வீடுங்க பழைய மீனவக் குடியிருப்பு, உள்ளங்கை அகலம், கோடையில ராத்திரி முழுக்கக் கூச்சல். க்ளோட்ல எடுத்தாலும் கடலுக்கு நடக்கலாம்னு சொல்லுங்க. அரை மணி நேரம். தஞ்சோங் தோக்கோங் பிள்ளைக்கு அது ஒரு தூரமா?

பள்ளி. வருஷ நடுவுல வந்தாலும் சேர்ப்பாங்க. ஆனா நீங்க தேர்ந்தெடுக்க முடியாது. கொன்சோர்சி த எதுகாசியோனு ஒரு அலுவலகம் இருக்கு, அவங்க எங்க காலியிடம் இருக்கோ அங்க போடுவாங்க, உங்க முகவரியைப் பார்த்துத்தான். அதனால பாத்ரோன் முந்தி, பள்ளி பிந்தி. மார்ச் வாக்குல அடுத்த செப்டம்பருக்கான பதிவு நடக்கும், அப்ப உங்களுக்குப் பிடிச்ச பள்ளிக்கு எழுதிப் போடலாம். பக்கத்துல குடியிருக்கிறவங்களுக்குப் புள்ளி கூட. அதான் வீட்டைப் பள்ளி வாசல்ல நின்னு தேடுங்கன்னு சொல்றேன். சாயங்காலம் பள்ளி விடுற நேரத்துக்குப் போய் வெளிய நில்லுங்க. எந்தத் தாய் பிள்ளையைக் கூப்பிட்டுக்கிட்டு எந்தப் பக்கம் நடக்குறாங்கன்னு பாருங்க. அந்தத் தெருக்கள்ல வாடகை போர்டு தொங்குதான்னு தேடுங்க.

மொழிக்குப் பயப்படாதீங்க. தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஏற்கெனவே தமிழ், மலாய், இங்கிலீஷ் மூணையும் ஒரே நாள்ல மாத்தி மாத்திப் பேசுது. அரசுப் பள்ளியில பாடம் கத்தலான்ல, பிளேகிரவுண்டுல ஸ்பானிஷ். புதுசா வந்த பிள்ளைங்களுக்கு மொழி சொல்லிக் கொடுக்கத் தனி வகுப்பு நிறைய பள்ளியில இருக்கு, உங்களுக்குக் கிடைக்குற பள்ளியில இருக்கான்னு கேளுங்க. என் மகன் முதல் சில மாசம் வீட்டுல வாயே திறக்கல. அப்புறம் ஒரு நாள் கேஸ்காரர்கிட்ட நான் திணறிக்கிட்டு நின்னப்ப பின்னாடியிருந்து பதில் சொன்னான். மத்தியானச் சாப்பாடு பள்ளியிலயே உண்டு, மாட்டிறைச்சி வேண்டாம்னு முன்னாடியே எழுதிக் கொடுத்துடுங்க. நமக்குக் கஷ்டம் பிள்ளை இல்ல, பெத்தவங்க கூட்டம்தான். எல்லாம் கத்தலான்ல பேசுவாங்க, தலையாட்டிக்கிட்டே உட்கார்ந்திருக்கணும்.

கிரைண்டர் தாராளமா எடுத்துட்டுப் போங்க. அங்க 230 வோல்ட், நம்ம கரண்டோட ஒத்துப் போகும். நம்ம மூணு கட்டைப் பிளக்கு மட்டும் நுழையாது, அங்க ரெண்டு உருண்டைக் கால். அடாப்டர் கொண்டு போங்க, இல்லன்னா அங்க போய் பிளக்கை மாத்திடுங்க. பார்க்க வேண்டியது வேற ஒன்னு. ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு கரண்ட் ஒரே நேரத்துல இழுக்கலாம்னு மின்சார ஒப்பந்தத்துலயே ஒரு அளவு இருக்கும், பொத்தென்சியான்னு சொல்வாங்க. நிறைய வீட்டுல 3.45 கிலோவாட்தான். கிரைண்டர் சின்ன சாமான், அது தாங்கும். ஹீட்டரைப் போட்டு, ஓவனைப் போட்டு, துணி மெஷினையும் ஓட்டினீங்கன்னா டப்புன்னு வீடே இருட்டாயிடும். வீடு பார்க்கும்போது கேளுங்க, கூட்டிக்கலாம், மாசக் கட்டணமும் கூடும். அடுப்பு இன்டக்‌ஷனா, கண்ணாடி அடுப்பா, கேஸான்னும் கேளுங்க. இன்டக்‌ஷன்னா உங்க அலுமினியச் சட்டி ஒன்னும் சூடேறாது, இரும்புத் தோசைக்கல் வேலை செய்யும்.

மாமியாருக்கு விசா வேண்டாம், ஆனா 180 நாள்ல 90 நாள்தான் இருக்கலாம். ஜூலை, ஆகஸ்ட்ல கூப்பிடாதீங்க, வீடு வேகும், ஆகஸ்ட்ல நிறைய கடை லீவுல மூடிக் கிடக்கும். ஏப்ரல்ல வரச் சொல்லுங்க. லிஃப்ட் விஷயத்துல ஒன்னு: "லிஃப்ட் உண்டு"ன்னு போட்டிருந்தாலும் வாசல்ல இருந்து லிஃப்ட் வரைக்கும் எத்தனை படின்னு எண்ணிப் பாருங்க. எங்க கட்டடத்துல லிஃப்டுக்குப் போகவே ஏழு படி ஏறணும்.

---

கெப்போங்_ராஜா

அந்த எச்ஆர் மெயிலை இன்றைக்கே போடுங்கள். பதில் வந்ததும் இங்கே எழுதுங்கள், பாத்ரோன் படிவத்தில் எதை எங்கே நிரப்புவது என்று சொல்கிறேன். பாஸ்போர்ட் நகல் மட்டும் போதாது, மகளின் பிறப்புச் சான்றிதழும் வேண்டும், ஸ்பானிஷ் மொழிபெயர்ப்போடு. ஜனவரி வரை தள்ளாதீர்கள்.